இரவல் வாய்

மலைப் பேருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது அப்பா பேச்சை நிறுத்தினார். இது சாதாரண விஷயமில்லை. பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே மருத்துவரிடம் பெட்ரோல் விலையைப் பற்றிக் கருத்துச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரை வாயடைக்க வைத்த பெருமை ஜவ்வாது மலைக்கே சேரும். அடுத்த வளைவு வருவதற்குள் தயாராக வைத்திருந்த பிளாஸ்டிக் பையை விரித்து அவர் முகத்தருகே நீட்டினேன்.

பக்கத்து இருக்கையில் காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கப் போகும் ஒரு தம்பதி. "பாவம் அந்தப் பெண், பேச்சு வராது போல. இவளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன பாடு படுகிறாரோ" என்று மனைவி கணவரிடம் தெலுங்கில் சொன்னார். மாடி வீட்டுக்காரர்கள் புண்ணியத்தில் எனக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். அந்த நிமிடத்தில் யார் யாரை வைத்துக்கொண்டு பாடு பட்டார்கள் என்பதை அந்தப் பையை ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் அவரே தெரிந்துகொண்டிருப்பார்.

என் பெயர் பவித்ரா. எனக்கு ஆட்டிசம். நான் பேசுவதில்லை. வாயில் ஒரு கோளாறும் இல்லை. சாப்பிடும், கொட்டாவி விடும், கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் 'உம்ம்ம்' என்று ராகம் இழுக்கும். நான் நினைக்கிற சொல்லை நான் நினைக்கிற நேரத்தில் வெளியே அனுப்புகிற வேலையை மட்டும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வேலைக்கு மடியில் ஒரு டேப், சிலேட்டளவு தொடுதிரைக் கணினி, இருக்கிறது. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தட்டினால், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணின் குரலில் அது பேசும்.

டேப் கைக்கு வரும்வரை எனக்காகப் பேசியவர் அப்பாதான். அவளுக்குப் பசிக்கிறது என்பார், எனக்குப் பசிக்காது. அவளுக்குப் பாட்டு என்றால் உயிர் என்பார், எரிச்சலில் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன். தட்டக் கற்றுக்கொண்டபின் நான் சொன்ன முதல் முழு வாக்கியம்: "அப்பா, கொஞ்சம் வாயை மூடுங்க." அவர் கூடத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அழுது முடித்ததும் சொந்தக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டு, என் மகள் என்னை வாயை மூடச் சொல்லிவிட்டாள் என்று அன்று முழுவதும் பேசிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் எல்லாம் சண்டைதான். பள்ளிகள் சேர்க்க மறுத்ததால் தனித்தேர்வு எழுதினேன். தேர்வு அறைக்குள் டேப்பை அனுமதிக்க ஒரு சண்டை. கல்லூரியில் விலங்கியல் எடுக்க ஒரு சண்டை. பூச்சிகள் என்னிடம் எதிர்பார்த்தது பேச்சை அல்ல, பொறுமையை என்பதால் அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆய்வுப் படிப்புக்கான நேர்காணலில், தட்டுவது நான்தானா, இல்லை பின்னாலிருந்து யாராவது ஆட்டுவிக்கிறார்களா என்று ஒரு பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுக் கேள்வி கேட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தது உள்ளே எல்லோருக்கும் கேட்டதால் சந்தேகம் சீக்கிரமே தீர்ந்தது. இப்போது என்னைப்போல் பேசாதவர்களின் உரிமைக்காகக் கூட்டங்களிலும் 'பேசுகிறேன்'. அதற்கென்றே ஒரு சட்டை வைத்திருக்கிறேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில், 'எனக்காக நானே பேசுவேன்'. மலைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

போன காரியம் இது. புளியம்பூவுக்கு எந்தெந்தப் பூச்சி வருகிறது, எது வந்தால் காய் பிடிக்கிறது என்பது என் ஆய்வு. சில பூங்கொத்துகளை வலைப்பையால் மூடிவைக்க வேண்டும்; பூச்சி நுழையாத கொத்தில் எத்தனை காய், நுழைந்ததில் எத்தனை என்று ஒப்பிட வேண்டும். மரங்கள் மலையில் ஓர் ஊரின் பொதுச் சொத்து. ஊர் கூடி அனுமதித்தால்தான் கை வைக்கலாம். என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர், ஆனால் பயந்தவர். "நீ போய்க் கேள். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே, களவேலையை வேறு மாணவருக்குக் கொடுத்துவிட்டு உனக்குக் கணினி வேலை தருகிறேன்" என்றார். ஏசி அறையில் அடுத்தவர் எண்ணிய காய்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டு உட்காரவா நான் இத்தனை சண்டை போட்டேன்? அனுமதி வாங்காமல் மலை இறங்குவதில்லை என்று முடிவு செய்துதான் பேருந்து ஏறினேன்.

பேருந்து நாங்கள் போக வேண்டிய ஊர்வரை போகவில்லை. முந்தின ஊரிலேயே திரும்பி நின்றுகொண்டது. "அவ்ளோதாங்க, எறங்குங்க. இதுக்கு மேல வண்டிய திருப்ப எடமில்ல" என்றார் ஓட்டுநர். இறங்கியவர்கள் பலாப்பழமும் மூட்டையுமாகத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். எங்களுடையதோ சக்கரம் வைத்த பெட்டி, சென்னை நடைமேடைக்காகப் பிறந்தது. அந்தக் கல் பாதையில் அது ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது.

முன்னால் பலாப்பழத்தோடு போன ஒரு பெண் திரும்பி வந்து, பழத்தை என் அப்பாவின் கையில் திணித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "இன்னா சார், டெலஸ்கோப்பு பாக்க வந்தீங்களா? அது அந்தாண்ட கீது, வழி தப்பிட்டீங்க" என்றார். வெளியூர் முகம் என்றாலே தொலைநோக்கிதான் என்று அங்கே முடிவு. அவர்தான் மல்லிகா அக்கா. குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியவர். எங்களைத் தங்க வைப்பதாக ஒப்புக்கொண்ட வீடு அவருடையதுதான் என்பது பாதி வழியில் தெரிந்தது. "பள்ளிக்கூடத்தாண்ட லாரியே திரும்புது. இவரு பஸ்ஸு மட்டும் திரும்பாதாம்" என்று வழி முழுக்க ஓட்டுநரின் பரம்பரையை விசாரித்துக்கொண்டே வந்தார். பேச்சில் தனக்கு ஈடான ஓர் ஆளை அப்பா அன்றுதான் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது.

என் சாப்பாட்டுக்கு ஒரே விதி உண்டு: வெள்ளையாக இருக்க வேண்டும். இட்லி, தயிர்சாதம், இடியாப்பம். சென்னையில் இதற்காக என்னை நான்கு மருத்துவர்களிடம் காட்டினார்கள். மல்லிகா அக்கா சாமைச் சோறும் மோரும் தட்டில் வைத்தார். சாமைச் சோறு வெள்ளை, ஆனால் பருக்கை சின்னது. ஆராய்ந்தேன், ஏற்றுக்கொண்டேன். புளியம்பூவும் மிளகாயும் வைத்து அரைத்த துவையலைத் தொடவில்லை. "வேணாம்னா வுட்டுடு" என்று அதை எடுத்து அப்பாவின் தட்டில் போட்டார். அவ்வளவுதான். நான்கு மருத்துவர்களுக்குக் கட்டிய பணத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவோ என் ஆராய்ச்சிப் பொருளை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்கியது. ஊர்க்கூட்டம் அதற்கடுத்த நாள். என்ன பேசப்போகிறேன் என்பதை நான் டேப்பில் தட்டித் தயார் செய்துகொண்டிருந்தேன். பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "யார வாயா வெச்சிகினு வந்தீங்க?"

விளங்கவில்லை. விளக்கினார். இந்த ஊர்க்கூட்டத்தில் கேட்க வந்தவர் தன் வாயால் கேட்கக்கூடாது. அவருக்காக வேறொருவர் எழுந்து பேச வேண்டும். அவருக்குப் பெயர் 'வாய்'. கேட்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக்கூடாது. "கேக்கறவனே கேட்டான்னு வையி, கோவம் வரும், பழசெல்லாம் வரும், கைகலப்பாய்டும். வேற வாயி கேட்டா பாதி சண்ட கொறையும்ல?"

நான் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். எனக்காக நானே பேசுவேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது கூட்டத்துல செல்லாது தங்கச்சி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கையை உதறிக்கொண்டு முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். இத்தனை வருடம் எந்த ஒன்றை எதிர்த்துச் சண்டை போட்டேனோ, அதையே மலையேறி வந்து கும்பிட்டு ஏற்க வேண்டுமாம். அப்பா மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் கண்களில் பழைய பதவி திரும்பக் கிடைக்கப்போகிற ஒளி. "அதுக்கென்னம்மா, நான் இருக்கேனே..." என்றார்.

"சொந்தபந்தம் வாயா இருக்கக் கூடாது சார். சொந்தக்காரங்க அவங்க ஆசய கலந்து பேசிருவாங்க" என்றார் அக்கா. அப்பா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. ஊர்க்கவுண்டர் என்று அழைக்கப்படும் ஊர்த்தலைவரைப் போய்ப் பார்த்தோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். டேப்பை நீட்டி, "இந்தக் கருவியே எனக்கு வாயாக இருக்கட்டும்" என்று ரயில் நிலையக் குரலில் கேட்டேன். மாடு மிரண்டது. அவர் டேப்பை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இது அதுவா ஏதாச்சும் பேசுமா?"

இல்லை, நான் தட்டுவதை மட்டும்தான் சொல்லும் என்றேன்.

"அப்ப இதும் உன் வாய்தான? உனக்கு வேற வாய் வேணும் பாப்பா" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். நேர்காணலில் கதவைச் சாத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்ட விஷயத்தை இவர் மாட்டுக் கயிற்றைக்கூட விடாமல் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் காரியம் கெட்டுவிட்டது. என் வாய் என் வாய்தான் என்று அங்கீகரித்த முதல் ஊர், அதே காரணத்துக்காக அதை மூடச் சொல்கிறது. மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் உம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே திரும்பினேன்.

வரும் வழியில் மல்லிகா அக்கா ஒரு கல்லைப் பொறுக்கி என் கையில் வைத்தார். "வாய் தப்பா பேசிச்சின்னா இதால தரைல தட்டு. தட்டுனா வாய் நின்னுறணும். சொன்னத வாபஸ் வாங்கிட்டுத்தான் மேல பேசணும். அதான் சட்டம்."

கல்லை உருட்டிப் பார்த்தேன். என் குழந்தைப் பருவம் முழுக்க இப்படி ஒரு கல் கையில் இருந்திருந்தால் எங்கள் வீட்டுத் தரை மிஞ்சியிருக்காது. "நீங்களே என் வாயாக இருங்கள்" என்று தட்டினேன். அன்று மாலை வரை அக்காவுக்கு என் ஆய்வைச் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் குடகிலிருந்து மேஸ்திரி போனில் கூப்பிட்டார். அக்கா கன்னடத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார். என்னவென்று கேட்டேன். "இந்த வாரம் காப்பி வேலைக்கு வர முடியாது, தேனீ வேலைல இருக்கறேன்னு சொன்னேன்" என்றார்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில். லாரி திரும்பும் இடம் அதுதான் என்பதை அக்கா போகிற போக்கில் அப்பாவுக்குக் காட்டினார். ஊரே வந்திருந்தது. என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். டேப் பைக்குள் போனது; கையில் கல் மட்டும். இரைச்சலுக்காகக் காதில் மாட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், ஆடினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா எழுந்து தொண்டையைக் கனைத்தார். அப்போது ஒன்று நடந்தது. பேசுகிற அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் பேசும்போது கேட்கிறவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். எனக்காக ஒருவர் பேச, எல்லோரும் என்னைப் பார்ப்பது என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. வழக்கமாக நான் பேசினாலும் அப்பாவைத்தான் பார்ப்பார்கள்.

"இந்தப் பொண்ணு மெட்ராஸ்ல பெரிய டாக்டரு..." என்று ஆரம்பித்தார் அக்கா.

தட்டினேன்.

"டாக்டரு இல்ல. பூச்சி படிப்பு படிக்குது. தேனீ வரலன்னா புளி காய்க்காது, நாமெல்லாம் துண்ட தலைல போட்டுக்க வேண்டிதுதான்..."

தட்டினேன். அதைத்தானே கண்டுபிடிக்கவே வந்திருக்கிறேன்.

"காய்க்குமா காய்க்காதான்னு இன்னும் தெரியல. தெரிஞ்சிக்கத்தான் வந்துகீது. மரத்துக்குக் கொஞ்சமா, கிள நுனில மட்டும் பை கட்டும். பூ முடிஞ்சதும் அவுத்துடும்."

அப்பா பழைய கொசுவலையில் தைத்த பை ஒன்று கைமாறிப் போனது. பின்வரிசையில் ஒருவர், துணி கட்டினால் நேர்த்திக்கடன் ஆகிவிடும், நேர்ந்தது நடக்காமல் அவிழ்க்கக் கூடாது என்றார். அது மஞ்சள் துணிக்குத்தான், கொசுவலையில் யார் நேர்ந்துகொள்வார்கள் என்றார் ஒரு பெண். பெரிய விவாதமாகி, கொசுவலை எந்தச் சாமிக்கும் உரியதல்ல என்று முடிவானது. ஆனால் பை கட்டிய இடத்தில் காய் குறையுமே, புளி ஏலத்தில் விலை குறையுமே என்ற கேள்வி வந்ததும் சத்தம் ஏறியது. தலைகள் மறுப்பாக ஆடத் தொடங்கின. கணினி அறையின் ஏசிக் காற்று எனக்கு அங்கேயே அடித்தது.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். குரலை இறக்கி, கையை விரித்து, "பாருங்கப்பா, பாவம், வாய் பேச வராத பொண்ணு. அதுக்காகவாச்சும்..." என்றார்.

கூட்டம் சட்டென்று இளகியது. ஒரு பெண் உச்சுக் கொட்டினார். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். வேண்டும் என்று ஏங்கி வந்த ஒன்று கையெட்டும் தூரத்தில், இந்த ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தட்டினேன். கல் கையில் வலிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "பாவத்த வாபஸ் வாங்கிக்கினேன்."

முன்வரிசை சிரித்தது. ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. "சரி. இது பொண்ணு ஆசயா, அப்பன் ஆசயா?" என்று கேட்டார்.

"அவரா? அவருக்கு இந்த மலையே புடிக்கல சாமி. கீழேர்ந்து வாந்தி எடுத்துகினே வந்தாரு" என்றார் அக்கா.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் தட்டாமல் கல்லைத் தரையில் வைத்துவிட்டேன். ஊர் மொத்தமும் வெடித்துச் சிரித்தது, அப்பாவும்தான். ஊர்க்கவுண்டர், "இல்லாத ஒன்ன சொல்லி வாங்கலாம்னு வாய்க்கி ஆச வந்துச்சி, பொண்ணு வுடல. இது காய எண்ணுனா சரியாத்தான் எண்ணும். நாலு காய் கொறஞ்சா கொறயட்டும், கட்டட்டும்" என்றார். நான் எழுந்து கைகளை உதறிக்கொண்டு குதித்தேன். சந்தோஷம் வந்தால் நான் அப்படித்தான். அதை நாகரிகமாகச் செய்ய இதுவரை கற்றுக்கொள்ளவில்லை, இனியும் உத்தேசமில்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. இந்த ஊரின் வாயை இரவல் வாங்கிக் காரியம் முடித்தவர், ஊருக்கு ஒரு தடவை வாயாக இருக்க வேண்டும். வழக்கமாக அடுத்த கூட்டத்தில் யாருக்காவது பேசிக் கழித்துவிடுவார்களாம். என் விஷயத்தில் ஊர் வேறு யோசனை வைத்திருந்தது. "இந்தப் பொட்டிக் குரல் கெவர்மெண்டு மாரியே பேசுது. பஸ் ஆபீஸ்ல நாம போனா நிக்க வெச்சே அனுப்பறாங்க. இத வுட்டுப் பேசச் சொல்லலாம்." யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பைகளைக் கட்டி முடிக்கச் சில நாள் ஆனது. அதன்பின் ஒரு காலையில் ஊர்க்கவுண்டர், மல்லிகா அக்கா, இன்னும் சிலர், நான், வாயருகே எலுமிச்சம்பழத்தோடு அப்பா என்று ஒரு படையாக மலையிறங்கினோம். என்ன சொல்ல வேண்டும் என்று வழியிலேயே எனக்குச் சொல்லிவைத்தார்கள். பேருந்து ஒரு நிறுத்தம் கூடுதலாக வர வேண்டும், பள்ளிக்கூடத்தருகே திருப்ப இடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

அலுவலகத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நான் தட்டினேன், "வணக்கம், நான் ஊரின் சார்பாகப் பேசுகிறேன்" என்றது டேப். அறிவிப்புக் குரல் கேட்டதும் அவர் அனிச்சையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் ஹெட்போனைப் பார்த்தார், அப்பாவிடம் திரும்பினார். "இன்னா சார் சொல்லுது பொண்ணு?"

அப்பா வாயைத் திறந்தார். திறந்த வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கையால் ஊர்க்காரர்களைக் காட்டினார்.

"சார், வாய ஏன் சார் பாக்கறீங்க, அப்பன ஏன் பாக்கறீங்க? கேக்கறது நாங்க. எங்களப் பாருங்க" என்றார் மல்லிகா அக்கா.

அதிகாரி ஊரைப் பார்த்தார். நான் தட்டத் தொடங்கினேன். கூட்டங்களில் பேசிப் பழகிய விரல் இது. ஊர் சொல்லிக் கொடுத்த இரண்டு வரி அதற்குப் போதவில்லை. கொஞ்சம் உருக்கினால் காரியம் நடக்கும் என்று தோன்றியது. டேப் கணீரென்று அறிவித்தது: "பாவப்பட்ட இந்த மலை மக்கள் பேருந்து இல்லாமல் நாள்தோறும் கண்ணீர் வடிக்கிறார்கள்..."

டொக்.

அதிகாரியின் மேசையில் கண்ணாடிக் குண்டு ஒன்று, காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தது. அதை மல்லிகா அக்கா எடுத்துத் தட்டியிருந்தார். ஊர்க்கவுண்டர் உட்பட ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"கண்ணீரெல்லாம் வேணாம் தங்கச்சி. நாங்க அழுவல. நடக்கறோம். அத சொல்லு."

சட்டைக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பேன்; அன்று பார்த்து அதே சட்டை. அழித்துவிட்டுத் தட்டினேன்: "பாவத்தையும் கண்ணீரையும் வாபஸ் வாங்குகிறேன். இவர்கள் சுமையோடு நடக்கிறார்கள். திருப்ப இடம் இருக்கிறது. வந்து பாருங்கள்."

அதிகாரி கண்ணாடிக் குண்டை எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, வரும் வாரம் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்வதாக ஊர்க்காரர்களைப் பார்த்தே சொன்னார்.

வெளியே வந்தோம். அப்பா எலுமிச்சம்பழத்தை வாயிலிருந்து எடுத்தார். என் காதருகே குனிந்தார். நான் ஹெட்போனைக் கழற்றினேன். எத்தனை வருடமாக இதற்காகக் காத்திருந்தாரோ, முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வேறு.

"பவிம்மா," என்றார், "கொஞ்சம் வாயை மூடு."